பட்டதாரி ஆசிரியர்: கேள்வி-பதில்

பி.எஸ்சி. கணிதம் படித்தவருக்குக் கணக்கு தெரியும். பிறகு எதற்கு இரண்டு வருட பி.எட்.?

கணக்கு தெரியும், சரி. கணக்கு என்றாலே வயிறு கலங்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனைத் தெரியுமா? 2015-க்கு முன் பி.எட். ஓராண்டுப் படிப்பு. இப்போது பள்ளியில் பயிற்சிக்கே 20 வாரங்கள். அந்தப் பையனைப் புரிந்துகொள்ள அதுகூடக் குறைவுதான்.

பத்தாம் வகுப்புக்கே பாடம் எடுக்கும் பி.எட். பட்டதாரி, ஒன்றாம் வகுப்புக்கு எடுக்க முடியாதா?

முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தொடக்கப் பள்ளிக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ‘அ’ சொல்லித் தருவது அவ்வளவு பெரிய வேலை!

ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தேறிவிட்டேன். இனி அரசு வேலை உறுதிதானே?

தகுதி உறுதி. 2021-இல் வந்த அறிவிப்பின்படி, அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். சான்றிதழுக்கு வயதாகாது; காத்திருப்பவருக்கு வயதாகும். அதனால் அரசு, காலியிடங்களை ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும்.