டச்சுக்காரன் கட்டாத டச்சு அரண்மனை

ஒன்றைப் போல இன்னொன்று வேஷம் கட்டும் கலையைக் கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததாக ஒரு வதந்தி உலவுகிறது. கொச்சியின் மட்டாஞ்சேரியில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். போர்ச்சுகீசியர்கள் ஒரு கோயிலைக் கொள்ளையடித்தார்கள். கோபித்துக்கொண்ட கொச்சி ராஜா வீரகேரள வர்மாவைத் தாஜா செய்ய 1555 வாக்கில் ஓர் அரண்மனை கட்டிக் கொடுத்தார்கள். (மிளகு கிடைக்குமென்றால் இன்னும் நாலு கட்டியிருப்பார்கள்.) 1663-இல் டச்சுக்காரர்கள் வந்து அவர்களைத் துரத்திவிட்டு, கட்டடத்தில் கொஞ்சம் மராமத்து பார்த்தார்கள். அவ்வளவுதான், அது ‘டச்சு அரண்மனை’ ஆகிவிட்டது. உள்ளே சுவரெல்லாம் ராமாயணம்!

மிளகும் வேஷம் கட்டியது. 1957 முதல் அதே மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் மிளகு முன்பேர வணிகச் சங்கம் நடந்தது. தரகர்கள் தொண்டை கிழியக் கூவி விலை பேசுவார்கள். பிறகு கூவல் போய்த் திரை வந்தது. மும்பையின் என்சிடிஇஎக்ஸ் சந்தையும் வந்தது. 2012 டிசம்பரில் அந்தச் சந்தையின் கொச்சிக் கிடங்குகளில் இருந்த மிளகில் கனிம எண்ணெய் கலந்திருக்கிறது என்று உணவுப் பாதுகாப்புத் துறை சீல் வைத்தது. விலையைப் பைசா சுத்தமாகக் காட்டிய திரையில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் தெரியவில்லை.

அந்தத் திரைகளுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சு எந்திரம், நொடிக்குப் பத்து எழுத்தைக் காகிதத்தில் படபடவென்று அடிக்கும். ஆளைக் கூப்பிட நிஜ மணியே அடிக்கும். பிறகு காகிதத்தை ஒழித்த டெர்மினல் பெட்டிகள் வந்தன; 1978-இல் வந்த விடி100 அவற்றில் ஒன்று. வரிக்கு 80 எழுத்து. ஏன் 80? 1928-இல் ஐபிஎம் போட்ட துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. பாட்டன் சொத்து, யார் விடுவார்கள்? அப்புறம் பெட்டி செத்தது. அதைப் போல நடிக்கும் மென்பொருள்கள் பிறந்தன.

2016-இல் கில்லெர்மோ ராவ்ச்சின் ஜெயிட் நிறுவனம் ஹைப்பர் என்ற அப்படியொரு டெர்மினல் மென்பொருளை இறக்கியது. ஆஸ்தானத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூவரும் உண்டு. கடைசியாகச் சொன்னவர் 1995-இல் பத்தே நாளில் முதல் வடிவம் பெற்ற அவசரப் பிள்ளை. அடியில் எலக்ட்ரான்; அதற்குள் முழு குரோமியம் உலாவி. செத்துப்போன விடி100 மாதிரி ஒரு கறுப்புத் திரையில் நாலு வரி காட்ட இத்தனை பேர்! வெற்றிலைப் பெட்டியைத் தூக்க யானையைக் கூப்பிட்ட கதை.

யானை அழகு என்பதை மறுக்க முடியாது. இணையப் பக்கத்துக்குப் போடுவது போல சிஎஸ்எஸ்ஸில் நிறத்தை மாற்றலாம், செருகுநிரல் எழுதலாம். சி மொழி தெரியாத இணையத்தள ஆசாமியும் டெர்மினலைப் பிரித்து மேயலாம் என்றான பிறகு, பழைய புலிகள் முகம் சுளித்து என்ன பயன்?

நீங்களும் ஹைப்பரைப் போட்டுப் பாருங்கள். மடிக்கணினியில் ரேம் நாலு ஜிபிதான் என்றால், குரோமில் திறந்து வைத்திருக்கும் முப்பது பக்கங்களை முதலில் மூடிவிடுங்கள்.