நள்ளிரவுப் புத்தக வெளியீடு எத்திணை? ஓசூர் எல்லைப்புறத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சிறுவர் நூலொன்று விற்பனைக்கு வரும் நாளின் முதல் நிமிடத்திலேயே கடையைத் திறந்து, அதுவரை பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த படிகளை வரிசையில் நிற்போருக்கு வழங்கும் வழக்கம் நள்ளிரவு வெளியீடு எனப்படும். வணிகவியலார் இதனை விளம்பரம் என்பர். உளவியலார் கூட்ட மனநிலை என்பர். இது எத்திணைக்கு உரியது என்னும் அடிப்படை வினாவை எவரும் எழுப்பாமல் விட்டது தமிழாய்வுக்கு நேர்ந்த பெருங்குறை. அகப்பொருளை முதல், கரு, உரி எனப் பகுத்த தொல்காப்பிய நெறியை ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நூல்வரிசைக்குப் பொருத்திப் பார்க்கும் இக்கட்டுரை, லண்டனில் குறிஞ்சியாகப் பிறக்கும் வெளியீடு ஓசூரை எட்டும்போது மருதமாகிவிடுகிறது என நிறுவ முற்படுகிறது.

முதற்பொருள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகும். ஒரு நாளைப் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம், கொண்ட ஆறு சிறுபொழுதுகளாகப் பகுப்பது மரபு. ஓசூர் சிப்காட் வளாகத்தின் ஷிப்ட் முறை இப்பகுப்போடு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது: காலை 6 மணிக்குத் தொடங்கும் முதல் ஷிப்ட் காலையையும் நண்பகலையும், பிற்பகல் 2 மணி ஷிப்ட் எற்பாட்டையும் மாலையையும், இரவு 10 மணி நைட் ஷிப்ட் யாமத்தையும் வைகறையையும் தனதாக்கிக் கொள்கின்றன. ஆலை நிர்வாகத்தார் இலக்கணம் கற்றே இவ்வாறு வகுத்தனர் என்பதற்குச் சான்று இல்லை. கல்லாமல் வகுத்தனர் என்பதற்கும் இல்லை.

வரிசையின் மூன்றாம் நூல் 1999 ஜூலை 8 அன்று பிரிட்டனில் பிற்பகல் 3:45 மணிக்கு விற்பனைக்கு விடப்பட்டது. பள்ளி முடியுமுன் விட்டால் பிள்ளைகள் வகுப்பைத் துறந்து ஓடுவர் என்ற அச்சமே அதற்குக் காரணம். 3:45 எற்பாடு ஆதலின் அது இரங்கலை ஒழுக்கமாகக் கொண்ட நெய்தல். கடைசிப் பாடவேளையில் கடிகாரத்தைப் பார்த்து இரங்கிய மாணவர்களே அதற்குச் சாட்சி. அதே கணம் ஓசூரில் இரவு 8:15, மாலைப்பொழுது, எனவே முல்லை. முல்லையின் ஒழுக்கம் காத்திருத்தல். 2000 ஜூலை 8 அன்று நான்காம் நூலுக்காகக் கடைகள் நள்ளிரவில் திறக்கப்பட்டபோது வெளியீடு யாமத்துக்குப் பெயர்ந்தது. யாமம் குறிஞ்சிக்கு உரியது. குறிஞ்சியின் ஒழுக்கம் புணர்தல், இங்கே வாசகரும் நூலும் கூடுதல். 2007 ஜூலை 21 அன்று வெளிவந்த ஏழாம் நூல் முதல் 24 மணி நேரத்தில் அமெரிக்காவில் 83 லட்சமும் பிரிட்டனில் 26.5 லட்சமும் விற்றதால், இக்கூடலின் பரப்பைப் பற்றி ஐயம் இல்லை.

ஆயின் லண்டனின் கோடைகால நேரப்படி நள்ளிரவு 12:01 என்பது இந்தியாவில் விடியற்காலை 4:31. டைட்டன் கைக்கடிகார ஆலை அமைந்த ஊருக்கு இந்த நான்கரை மணி வேறுபாட்டை எவரும் விளக்கத் தேவையில்லை. 4:31 வைகறை, வைகறை மருதத்துக்கு உரியது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர் குறிஞ்சி நிலமாகாதோ என ஒருவர் வினவலாம். திணை மயங்கும்போது பொழுது மயங்கலாம், நிலம் மயங்காது என்பது விதி. அவ்விதி ஜூஜூவாடியைப் பார்த்து வகுக்கப்பட்டதன்று. அங்கே தமிழகம் எங்கு முடிகிறது, அத்திப்பள்ளிக் கர்நாடகம் எங்குத் தொடங்குகிறது என்பதைப் பெர்மிட் சீட்டு வைத்திருக்கும் லாரி ஓட்டுநர் மட்டுமே அறிவார். ஆகவே இவ்வட்டாரத்தில் நிலத்தை விட்டுப் பொழுதையே நம்புவது பாதுகாப்பானது.

கருப்பொருள்

திணைக்குரிய உணவு, பூ, பறை, தொழில் முதலியன கருப்பொருள் எனப்படும். பெரிய புத்தகக் கடையை நாடி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வைகறையில் புறப்படும் ஓசூர்க் குடும்பத்துக்கு உணவு பஸ் நிலையத்து டீயும் பன்னும். பூ, அதே சாலையில் சந்தைக்குப் போகும் ரோஜா. கனி, பருவம் முடியும் தறுவாயிலுள்ள கிருஷ்ணகிரி மாம்பழம். பறை, ஆலைச் சங்கு. ஊர்தி, நைட் ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றி எதிரே வரும் கம்பெனி பஸ். தொழில், வரிசையில் நிற்றல்.

உரிப்பொருள்

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அதாவது கூடியிருப்போரிடையே எழும் பிணக்கு. சங்க மருதத்தில் தலைவனை வீட்டிலிருந்து பிரிப்பவள் பரத்தை. இங்கே பிரிப்பது ஏழாம் நூலின் 607 பக்கம் கொண்ட புளூம்ஸ்பரி பதிப்பு. தாய் சாப்பிட அழைத்தும் வாராமை, ஒரே படிக்கு அக்காளும் தம்பியும் உரிமை கோரல், நைட் ஷிப்ட் முடித்து வந்த தந்தை “இதுக்கா இவ்வளவு காசு?” என வினவல் என இவ்வூடல் மூவகைப்படும். தலைவியின் சினத்தைத் தணிக்கத் தூது வரும் பாணன் போன்ற ஒருவனும் இதில் உண்டு. அவன் எதிர்வீட்டுப் பையன். கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, யார் இறந்தார் என்பதை வாசலில் நின்றே அறிவித்து, தணிக்க வேண்டிய ஊடலைப் பெருக்குவது அவன் இயல்பு.

மறுப்பும் முடிபும்

எல்லாப் படியிலும் எழுத்து ஒன்றே ஆதலின், காலை 10 மணிக்குக் கடை திறந்தபின் சாவகாசமாக வாங்கினால் என்ன என்பது எதிர்த்தரப்பின் வலுவான மறுப்பு. அவர்கள் 10 மணி முதல் நண்பகல் என்பதையும், நண்பகல் பாலைக்கு உரியது என்பதையும், பாலையின் ஒழுக்கம் பிரிவு என்பதையும் கருதவில்லை. அதற்குள் எதிர்வீட்டுப் பையன் வந்து போயிருப்பான், வாசகரிடமிருந்து வியப்பு பிரிந்திருக்கும். எனவே வைகறையில் வாங்குவதே இலக்கண நெறி. இரு பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு படிகள் வாங்கினால் பிணக்குத் தீரும் என்பது உண்மையே. எனினும் ஊடல் இல்லாத மருதம் வழு எனக் கொள்ளப்படும் ஆதலின், இவ்வாய்வு அதனைப் பரிந்துரைக்கவில்லை.