முதலை முதலாக இறால் ஈறாக

எங்கள் பக்கத்தின் முதல் மீன்தொட்டி வேலூர்க் கோட்டை அகழி. பதினாறாம் நூற்றாண்டில், சின்ன பொம்மு நாயக்கர் காலத்தில் கட்டிய கோட்டை. அகழிக்குத் தண்ணீர் ஏரியிலிருந்து பூமிக்கடியில் வந்து சேரும்படி ஏற்பாடு. உள்ளே முதலை. பத்தாயிரம் முதலை என்று ஊரில் சொல்வார்கள். அத்தனைக்கும் யார் தீனி போட்டது, எண்ணியவன் எந்தக் கரையில் நின்று எண்ணினான் என்று கேட்டால் முறைப்பார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கலகத்தில் கிளம்பியபோது வெள்ளைக்காரனுக்கு ஆபத்து கோட்டைக்குள்ளேயே படுத்திருந்தது. அகழியால் நயா பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. தொட்டி வைக்கிற எவனும் செய்கிற முதல் தப்பு அது: அளவுக்கு மீறி உயிர்களை விட்டுவிட்டு, அவை ஏதோ செய்யும் என்று காத்திருப்பது.

சீமைக்காரர்கள் நிதானமாக ஆரம்பித்தார்கள். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயனக்காரர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனும், ரிப்பன் மாதிரி இலை விடும் நீர்ச்செடியும் வைத்தார். இலை அழுகித் தண்ணீர் கொழகொழத்தது. குளத்து நத்தைகளைப் பிடித்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. 1850-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். வேலை நத்தைக்கு, பெயர் வாரிங்டனுக்கு. நான்கு வருஷம் கழித்து பிலிப் காஸ் என்பவர் ‘அக்வேரியம்’ என்ற சொல்லைப் புத்தகத் தலைப்பில் போட்டதும், இங்கிலாந்தில் வசதியுள்ள வீட்டு வரவேற்பறைகளிலெல்லாம் தண்ணீர் நாற ஆரம்பித்தது.

அந்த நோய் சென்னைக்குக் கப்பலேறி வர அரை நூற்றாண்டு ஆனது. 1909-ல் மெரினாவில் மீன்காட்சியகம் திறந்தார்கள். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று அதை மூடினார்கள். ஜப்பான்காரன் வரத்தான் செய்தான், கொஞ்சம் லேட்டாக. 1980-களில் தகாஷி அமானோ என்பவர் தொட்டிப் பாசியைத் தின்பதற்கு இறாலை வேலைக்கு வைத்தார். 1990-களில் ஹிசயாசு சுசுகி தன் கறுப்பு வெள்ளை இறால் கூட்டத்தில் சிவப்பாக ஒன்று பிறந்திருப்பதைப் பார்த்து, அந்தச் சிவப்பையே ஒரு வம்சமாக வளர்த்துவிட்டார். பழுப்பாய்ப் பிறந்த இன்னொரு ஜாதியைப் பொறுக்கிப் பொறுக்கிச் செக்கச்செவேலென்று ஆக்கினார்கள். அதுதான் செர்ரி இறால். மெரினாவின் மீன்காட்சியகத்தையே பூட்டினவர்கள், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய இந்தப் படையெடுப்பைக் கவனிக்கவில்லை.

அது எங்கள் திருப்பத்தூர் வீட்டுக்குள் நுழைந்த வருஷம் 2021. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. எட்டு வயது மகன் போனிலேயே பார்த்து முடிவு செய்துவிட்டான்: நாய் வேண்டாம், கிளி வேண்டாம், இறால்.

“இறாலா? எத்தினி கிலோ?” என்றது ஆயா. என்னைப் பெற்ற அம்மா. மகன் கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டில் எல்லோருக்கும் ஆயா.

“பத்து.”

“பத்து கிலோவா?”

“பத்து இறால், ஆயா. சமைக்க இல்ல. சும்மா பாக்க.”

சும்மா பார்ப்பதற்கு ஒன்று முப்பது ரூபாய் என்று தெரிந்ததும் ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை.

தொட்டி வந்தது, மணல் வந்தது, குமிழி விடும் பஞ்சு ஃபில்டர் வந்தது. இறால் மட்டும் வரக்கூடாது. “மொதல்ல தொட்டியை சைக்கிள் பண்ணணும்” என்றான். தொட்டியில் எப்படிடா சைக்கிள் விடுவ என்று ஆயா கேட்டது நியாயம்தான். விஷயம் இது: அழுகலிலிருந்து அம்மோனியா வரும்; ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்; இன்னொரு பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் பஞ்சிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம். அதுவரை எட்டு வயதுப் பையன் வெறும் தண்ணீரைக் காவல் காக்க வேண்டும். காத்தான். வருகிறவர்களிடம் எல்லாம் காலித் தொட்டியைக் காட்டி, “உள்ள ஆள் இருக்காங்க, கண்ணுக்குத் தெரியாது” என்றான். பக்கத்து வீட்டு அம்மா விபூதி கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறாவது வாரம் பத்து இறால் வந்தன. நாலாவது நாள் பத்தும் செத்தன.

துப்புத் துலக்க அரைநாள் ஆனது. தொட்டித் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்ததைப் பார்த்த ஆயா, பாவம் பிள்ளைகள் என்று, ராத்திரி முழுக்கச் செப்புக் குடத்தில் வைத்திருந்த தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றியிருந்தது. மனுஷனுக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்களாம். இறாலின் ரத்தத்தில் நமக்கு இரும்பு இருக்கிற இடத்தில் செம்பு இருக்கிறது. ஆனால் தண்ணீரில் துளிச் செம்பு கூடினாலும் அதற்கு எமன். ஆயாவுக்கு இதை விளக்கியபோது, “உள்ள இருக்கலாமாம், வெளிய இருக்கக்கூடாதாமா?” என்று கேட்டது. எங்களிடம் பதில் இல்லை.

இந்த மாதிரி வழக்கில் எங்கள் பழைய வேலூர் ஜில்லாவுக்கு முன்னனுபவம் உண்டு. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் வழக்கில், கெடுத்தவனே காசு கட்டவேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இந்தியாவில் யார் சூழல் சட்டம் படித்தாலும் வேலூரைத் தாண்டித்தான் போகவேண்டும். நாங்கள் அதை பிரியாணி அளவுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பை என் மகனுக்கு நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நேராகப் போய் ஆயா முன்னால் கையை நீட்டினான். சுருக்குப்பையிலிருந்து முந்நூறு ரூபாய் வந்தது, மேல்முறையீடு இல்லாமல். பாலாறு தீர்ப்பைவிட வேகமாக அமலான தீர்ப்பு.

அடுத்த பத்து வருவதற்குள் தண்ணீரைத் தேற்ற நாட்டு வாதாம் இலை போடச் சொன்னார்கள். காய்ந்து சிவந்த இலை இரண்டு. மூன்றே நாளில் தொட்டி டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது. அப்போதுதான் தாத்தா எழுந்து வந்தார். வாணியம்பாடி தோல்ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் குழியில் நின்றவர். அதுவரை இந்த இறால் விவகாரத்துக்கு அவர் தலைகூடத் திருப்பவில்லை. தொட்டிக்குள் விரலை விட்டு, மோந்து பார்த்தார்.

“டேய், இது குழித்தண்ணிடா.”

நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார். ஆவாரம்பட்டை போட்ட குழி, கடைசியாகக் கடுக்காய்த் தண்ணி, தோல் வாரக்கணக்கில் ஊறும், அப்புறம்தான் குரோம் வந்து ஒரே நாளில் நீலமாக்கிவிட்டது. சென்னையில் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர் 1903-லேயே குரோம் பதத்தைச் செய்து பார்த்துவிட்டார். எங்கள் பக்கம் ஊரே அதற்கு மாறியது, 1970-களில் பாதிப் பதத்தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்ட பிறகு. தாத்தாவின் மூக்கு சொன்னது சரிதான். நாட்டு வாதாமும் கடுக்காயும் ஒரே குடும்பத்து மரங்கள், துவர்ப்பும் ஒரே சரக்கு. தோலைப் பதப்படுத்தியது இப்போது இறாலுக்கு வைத்தியம் பார்க்கிறது.

“வேற இன்னா போடணும்?” என்றார்.

“சுண்ணாம்புச் சத்து வேணும், தாத்தா. முட்டை ஓடு போடலாம்.”

“சுண்ணாம்பு, பட்டைத் தண்ணி... இது இறால் தொட்டியா, தோல்ஷாப்பாடா?”

அன்றிலிருந்து தொட்டி அவர் பொறுப்பு. காலையில் பேப்பருக்கு முன்னால் தொட்டி. புதிதாக வந்த பத்தும் பிழைத்துக்கொண்டன. ஒன்றின் வயிற்றுக்கடியில் மஞ்சளாகக் கடுகுமணிக் கொத்து தெரிந்தது, முட்டை. காலால் விசிறிக்கொண்டே இருந்தது. இனி மூன்று நாலு வாரம் என்றான் மகன்.

ஒரு நாள் காலை “செத்துப்போச்சு” என்று அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் மணல்மேல் ஒரு இறால், கண்ணாடிபோல, மீசை வரைக்கும் முழுசாக, அசையாமல். தாத்தா சொம்பால் மொண்டு எடுத்தார். உள்ளே ஆள் இல்லை. வெறும் தோல். சொந்தக்காரர் செடிக்குப் பின்னால், புதுச் சட்டை பழகும்வரை ஒளிந்திருந்தார்.

தாத்தா அந்தத் தோலை விரல்நுனியில் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஆயுசு முழுக்க அடுத்த உயிரின் தோலோடு மல்லுக்கு நின்றவர். தானாகக் கழற்றி வைத்துவிட்டுப் போகிற ஒன்றை இப்போதுதான் பார்க்கிறார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

“வெட்டு இல்ல. ஓட்டை இல்ல. ஃபஸ்ட் செலக்‌ஷன்.”

“தாத்தா, உள்ள போட்டுடுங்க. அதுங்களே அதைச் சாப்பிட்டுக்கும்.”

“இருடா,” என்றார், “இன்னும் பாத்து முடிக்கல.”