முதல்நோட்டும் வழிநோட்டும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார அறிவியல் வீட்டுப்பாடம் பற்றி ஓர் ஆய்வு

தமிழில் எதைப் பற்றி வேண்டுமானாலும் ஆய்வுக் கட்டுரை எழுதலாம். ஆனால் முதல் வரி "இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு நிகழ்த்தவில்லை" என்றுதான் இருக்க வேண்டும். எனவே: பத்தாம் வகுப்பு அறிவியல் வீட்டுப்பாட நோட்டு குறித்து இதுவரை எவரும் ஆய்வு நிகழ்த்தவில்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய்ச் சுவடி தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் வழிவந்தவர்கள் என்று மார்தட்டும் நாம், திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் காலை எட்டேகாலுக்கு மடியில் விரித்து எழுதப்படும் நோட்டுகளை ஒருநாளாவது ஒப்பிட்டோமா? இல்லை.

ஆய்வெல்லை: மேற்கே பாலவநத்தம், வடக்கே காரியாபட்டி, கிழக்கே நரிக்குடி, தெற்கே பந்தல்குடி. இதற்கு அப்பால் ஆய்வாளரின் பொறுமை செல்லாது. நிலம் கரிசல், திணை பாலை. பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல் என்பது இலக்கணம். வீட்டுப்பாடமோ விடியலுக்கும் முதல் பீரியடுக்கும் நடுவே நிகழ்வது. இந்தப் பொழுது மயக்கம் தனிக் கட்டுரையில் விரிவாக ஆராயப்படும். (படாது. ஆனால் இப்படி ஒரு வரி இல்லாத ஆய்வுக் கட்டுரை ஆய்வுக் கட்டுரையே அன்று.)

இனி வகைப்பாடு. வகுப்புப்பாடம் என்பது கரும்பலகையில் இருப்பதை நோட்டில் ஏற்றுவது. அதில் ஆராய ஒன்றுமில்லை. ரெக்கார்டு நோட்டு அக்கா எழுதித் தருவது. ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டபடியால் அவர்களும் விலக்கு. எஞ்சுவது, பொதுத்தேர்வில் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25 என்று மதிப்பெண் பிரித்து வைத்திருக்கும் பத்தாம் வகுப்பின் வீட்டுப்பாடம் ஒன்றே.

தொல்காப்பியர் நூலை முதல், வழி என இரண்டாகப் பிரித்ததோடு நிறுத்திக்கொண்டார். பின்னால் வந்த பவணந்தியார் நன்னூலில் சார்புநூல் என மூன்றாவதையும் சேர்த்தார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பார்த்து எழுதும் வழக்கம் வளர்ந்திருக்கிறது என்பது இதனாற் பெறப்படும். இம்மூன்றும் இன்றும் வழக்கில் உள. முதல்நோட்டு, முன்பெஞ்சில் அமரும் ஒரு மாணவியுடையது. பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, மார்ஜின் கோடு சிவப்பில் அடித்திருக்கும். அதைப் பார்த்து எழுதி, தனக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்துகொள்வது வழிநோட்டு. மாற்றம் பெரும்பாலும் மூன்றாம் கேள்விக்கு முன்னால் நான்காம் கேள்வியை எழுதுவதாகும். வழிநோட்டைப் பார்த்து, ஓடும் டவுன் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுதியது சார்புநோட்டு. வேகத்தடை வரும் இடமெல்லாம் எழுத்தில் தெரியுமாதலால், எந்தத் தடத்துப் பஸ்ஸில் எழுதியது என்று எளிதில் கண்டுபிடிக்கலாம்.

முதல்நோட்டு உண்மையில் முதல்நோட்டுதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதற்கும் மூலம் ஒன்று உண்டு, அது கைடு என்பர் ஒரு சாரார் (டெஸ்க் கல்வெட்டு, சன்னலோரம், கடைசி பெஞ்சு). அற்றன்று, அம்மாணவி சொந்தமாகவே எழுதுகிறாள் என்பர் மற்றொரு சாரார் (மேற்படி டெஸ்க், காம்பஸ் முனையால் வெட்டியது, முதல் மூன்றெழுத்து சிதைவு, நான்காவது எழுத்து, அம்பு பாய்ந்த இதயம்). பின்னவர் சான்று நடுநிலையுடையதன்று என்று தள்ளுக.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய பாடபேதம்.

கார்ல் லாக்மன் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் பெயரால் ஒரு பதிப்புமுறை வழங்குகிறது. இரண்டு சுவடியில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரு தாய்ச்சுவடியின் பிள்ளைகள் என்பது அதன் சாரம். சரியான விடை எல்லாருக்கும் பொது. தப்புத்தான் வம்சத்தைக் காட்டிக்கொடுக்கும். லாக்மனைப் படித்திராத நம் அறிவியல் ஆசிரியர்களும் இம்முறையை நன்கு அறிவர். "மூணு பேரும் எந்திரிங்கடா. யாரைப் பாத்து யாரு எழுதுனது?" என்ற வினா அம்முறையின் சுருக்கமே.

எளிய பிழையிலிருந்து தொடங்குவோம். 'ஒளிச்சேர்க்கை' என்பது முதல்நோட்டுப் பாடம். வழிநோட்டுகளில் 'ஒலிச்சேர்க்கை'. பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பது யாருக்கும் எளிது. ஆனால் இரண்டு பாடம் கிடைத்தால் கடினமானதே மூலத்துக்கு நெருங்கியது என்று ஐரோப்பியப் பதிப்பாளர்களிடம் ஒரு விதி உண்டு. படியெடுப்பவர் கடினமானதை எளிதாக்குவாரே தவிர எளியதைக் கடினமாக்கார் என்பது காரணம். (விதி வகுத்தவர்களுக்குக் கடைசி பெஞ்சுப் பழக்கம் இல்லை.) அவ்விதிப்படி 'ஒலிச்சேர்க்கை'யே பழம்பாடம். தாவரங்கள் ஒலியால் உணவு தயாரித்தன என்பது இதனால் விளங்கும். அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓயாது ஓடும் தெருக்களில் வேப்பமரம் தழைத்து நிற்பது இக்கொள்கைக்கு அரண் செய்கிறது. இதைவிட மெலிந்த சான்றின்மேல் கண்டங்களையே கடலுக்குள் அமிழ்த்திக் காட்டிய அறிஞர்கள் நம்மிடம் உண்டு. அவர்களுக்குப் பொன்னாடையும் போர்த்தியாயிற்று.

கண்டம் என்றதும் அட்டை நினைவுக்கு வருகிறது. பத்தாம் வகுப்பு உயிரியலில் ஹிருடினேரியா கிரானுலோசா என்னும் கால்நடை அட்டைக்கு ஒரு பாடம் உண்டு. குளத்திலும் குட்டையிலும் வாழ்வது. உடம்பில் 33 கண்டங்கள். கண்மாய் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும் கோடையில், அட்டையைக் கண்ணால் பாராத பிள்ளைகள் அதன் முன் ஒட்டுறிஞ்சியையும் பின் ஒட்டுறிஞ்சியையும் நிழல் கொடுத்து வரைவார்கள். ஒரு சார்புநோட்டில் கிடைத்த பாடம் வருமாறு: 'அட்டையின் உடலில் 33 கண்டங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது ஆசியா.' இது இடைச்செருகல். அறிவியலையும் சமூக அறிவியலையும் ஒரே பஸ் பயணத்தில், ஒரே மடியில் வைத்து எழுதியதால் நேர்ந்தது (வாய்மொழித் தரவு, பரளச்சி பஸ்ஸின் பின்படிக்கட்டு, தகவலாளி ஒற்றைக்காலில் நின்றபடி ஒப்புக்கொண்டார், மறுகாலுக்கு இடம் கிடைத்ததும் மறுத்துவிட்டார்).

ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய விடைகளில் 'பசுங்கணிகத்தில் பச்சையம் உள்ளது முற்றுப்புள்ளி அடுத்த வரி' என்று காணப்படும். இது செவிவழிப் பாடம். இன்னொன்று விளிம்புக் குறிப்பு மூலத்தில் கலப்பது. ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய குறிப்பு அடுத்த படியில் நீல மையாகி விடைக்குள் இறங்கிவிடும்: 'தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கின்றன. கையெழுத்தைத் திருத்தவும்.' ஏட்டுச் சுவடிகளிலும் உரையாசிரியர் குறிப்பு மூலத்தில் கலந்து, அது மூலமே என்று பின்னாட்களில் சண்டை நடந்ததுண்டு. இங்கே சண்டை இல்லை. அடுத்த மாணவனும் அப்படியே எழுதிவிட்டான்.

பாடபேதங்களில் கொடியது விடுபாடு. படியெடுப்பவன் கண் ஒரு சொல்லிலிருந்து கீழே உள்ள அதே சொல்லுக்குத் தாவுவதால், நடுவில் உள்ள வரி காணாமல் போகும். இதயத்தின் வேலையை விவரி என்பது கேள்வி. முதல்நோட்டில், ரத்தம் வலது ஆரிக்கிளுக்கு வருகிறது. அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிளுக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகி இடது ஆரிக்கிளுக்குத் திரும்புகிறது. அங்கிருந்து இடது வெண்ட்ரிக்கிளுக்குப் போகிறது என ஒழுங்காக உள்ளது. வழிநோட்டுக்காரன் கண் இரண்டாம் 'அங்கிருந்து'விலிருந்து மூன்றாம் 'அங்கிருந்து'வுக்குக் குதித்தது. ரத்தம் வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நேரே இடது வெண்ட்ரிக்கிளுக்குப் போய்விட்டது. அதைப் பார்த்து எழுதிய பஸ்ஸுக்கும் அதே கதி. அந்த அரையாண்டுத் தேர்வை ஒரு வரிசை முழுவதும் நுரையீரல் இல்லாமல் எழுதி முடித்தது. எவருக்கும் மூச்சு முட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது (ரஃப் நோட்டின் கடைசித் தாள், முன்பக்கம் புள்ளிக் கட்ட விளையாட்டு, முடிவு தெரியவில்லை, தாள் ராக்கெட்டாகிப் பக்கத்து வகுப்பு மின்விசிறியின்மேல் தங்கி, ஆண்டுவிழாவுக்கு ஒட்டடை அடித்தபோது மீட்கப்பட்டு, தற்போது பெயர் வெளியிட விரும்பாத ஒருவரின் தனியார் சேகரிப்பில், அதாவது பரணில், உள்ளது).

நோட்டின் பிறப்பிடத்தை அறியப் புறச்சான்றும் உண்டு. பசை ஒட்டிய இடத்தில் பஞ்சுத் துகள் இருந்தால் தறி ஓடும் வீட்டு நோட்டு. மேலட்டையை முகர்ந்து தும்மல் வந்தால் வற்றல் காயப்போட்ட வீட்டு நோட்டு. ஓரமெல்லாம் கருப்புக் கைரேகை இருந்தால் கரிமூட்டம் போடும் வீட்டு நோட்டு.

கரிமூட்ட நோட்டு ஒன்றை விரிவாகப் பார்க்க நேர்ந்தது. ஆய்வெல்லைக்கு வெளியே என்றாலும், ஒன்பதாம் வகுப்புக் கார்பன் பாடம். படிக வடிவமற்ற கார்பனுக்கு எடுத்துக்காட்டு என்ற இடத்தில் 'மரக்கரி' என்று ஒரே சொல். அதுவும் வழிநோட்டிலிருந்து வந்தது. நோட்டுக்குரியவனை விசாரித்தபோது, கேட்காததையெல்லாம் சொன்னான். சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, இலைதழை போட்டு, மேலே மண்ணைப் போட்டு மூடித் தீ வைப்பார்களாம். காற்றுப் போக அங்கங்கே துளை. முதலில் புகை வெள்ளையாய் வரும். அது விறகில் இருக்கும் தண்ணீர். பிறகு புகை மெலிந்து நீலமாகும். அப்போது துளைகளை அடைத்துவிட வேண்டும். ராத்திரி காற்றுத் திரும்பி மண் எங்காவது வெடித்தால், உடனே எழுந்து போய் அள்ளிப் பூச வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் புகுந்து கரி முழுக்கச் சாம்பலாகிவிடும். "அதுக்குத்தான் சார் நான் அங்கயே படுத்துக்கிருவேன்" என்றான். காற்றில்லாமல் வேகவைத்தால் கரி, காற்று வந்தால் சாம்பல் என்ற எரிதல் வேதியியலைப் புகையின் நிறம் பார்த்துச் சொல்லும் இத்தகவல் எந்த நோட்டிலும் கைடிலும் காணப்படாமையால், முந்தைய சான்று இன்மை கருதி, இவ்வாய்வில் தரவாக ஏற்கப்படவில்லை. மாணவனுக்கு அக்கேள்வியில் ஒரு மதிப்பெண்.

இவ்வட்டாரத்தின் வீட்டுப்பாட வரலாறு ரமணரைச் சொல்லாமல் நிறைவுறாது. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-இல் பிறந்து, அங்கேயே பள்ளியில் சேர்ந்து, பிறகு திண்டுக்கல்லிலும் மதுரையிலும் படித்த வேங்கடராமனே பின்னாளில் ரமணர். 1896 ஆகஸ்ட் 29, மதுரை. பெயின் எழுதிய ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காமல் போனதற்கு, மூன்று முறை எழுதி வரும்படி இம்போசிஷன். இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாவது முறைக்கு உட்கார்ந்தவர் தாளை மூடி வைத்துவிட்டார். பள்ளியில் மின்சாரம் பற்றி ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னார். அப்படியே என் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிடு என்று அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் கையெழுத்தில்லாத ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு ரயிலேறியவர், செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் இருந்தார்.

இந்நிகழ்ச்சியை உலகம் ஆன்மிக நோக்கில் நிரம்ப ஆராய்ந்துவிட்டது. வீட்டுப்பாட நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையே. இதனால் நிறுவப்படுவன: எழுதி முடிக்காத வீட்டுப்பாடத்துக்கு இவ்வட்டாரத்தில் நூறாண்டு கடந்த மரபு உண்டு, 'சயின்ஸ் ஸ்பெஷல் கிளாஸ்' என்று வீட்டில் சொல்லிவிட்டு வேறிடம் போகும் வழக்கம் 1896-க்குப் பிற்பட்டதன்று, தாளில் பெயர் எழுதாமல் விடுவதும் அவ்வாறே. ஆனால் தேவையான மூன்று ரூபாயை மட்டும் எடுத்து இரண்டைத் திருப்பி வைத்த வழக்கம் பின்னர்த் தொடரவில்லை. பின்தொடர்வோர் பஸ்ஸேறிப் போவது அருப்புக்கோட்டைத் தியேட்டர் வரைதான் என்பதும் நோக்கற்பாலது.

காலப் பகுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: கைமாறிய காலம், கைடுக் காலம், வாட்ஸ்அப் காலம். பள்ளிகள் மூடிக்கிடந்த 2020 முதல் மூன்றாவது காலம் நடக்கிறது. முதல்நோட்டைப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். தாயைப் பார்க்காமலே பிள்ளைகள் பிறக்கின்றன. பிழைகள் குறைந்துவிட்டன, வம்சம் கண்டுபிடிக்க வழியில்லை. இத்துறையின் எதிர்காலம் கவலைக்கிடம்.

நெறியாளர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, பார்த்து எழுதுவதை இவ்வளவு பெரிய ஆய்வாக்கியிருக்கிறீரே என்று கேட்டார். ஆய்வேடுகளில் 'ஆய்வு முன்னோடிகள்' என்றொரு இயல் வருவதை அவருக்கு நினைவூட்டினேன். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர், அவர் எழுத்துப்பிழையையும் விடாமல். பத்தாம் வகுப்பில் அதற்கு வெளியே நிற்க வைப்பார்கள். பல்கலைக்கழகத்தில் வைவா வைப்பார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்வாய்வுக்காகத் தன் முதல்நோட்டைக் கொடுத்துதவிய மாணவிக்கு அது இன்னும் திரும்பிச் சேரவில்லை. என்னிடமிருந்து ஒருவர் வாங்கிப் போனார், அவரிடமிருந்து இன்னொருவர். இப்போது யாரிடம் இருந்தாலும், எழுதிவிட்டோ எழுதாமலோ, திங்கட்கிழமை முதல் பீரியடுக்குள் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு நோட்டுத் திருத்துகிறார்கள்.