கேதம் கேட்க வந்தவர்கள்

1986 தை மாதம், உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பத்தா செத்துப்போனாள். எனக்குப் பன்னிரண்டு வயது. நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள், தலைமாட்டில் குத்துவிளக்கு, நிறைமரக்கால் நெல். தெருமுனை திரும்பும்போதே தலைமயிரை அவிழ்த்துவிட்டு அழுதுகொண்டு வந்தார்கள் பெண்கள். உள்ளே இருந்தவர்களின் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். மூத்த அத்தை ஒப்பாரியிலேயே தன் தாய்மேல் இருந்த மனக்குறையையும் சொன்னாள்: தனக்குச் செய்ய வேண்டிய சீரைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட்டதை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. பாடி முடித்து அப்பத்தாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பறையடிக்கவும் வெளியூருக்குச் சேதி கொண்டுபோகவும் ஒரு சாதியைக் கட்டாயப்படுத்தி வைத்திருந்தோம். பெற்ற மகள்களைச் சுடுகாட்டுக்கு விடாமல் முச்சந்தியோடு நிறுத்தினோம்.

2022இல் அம்மா மதுரையில் அரசு மருத்துவமனையில் இறந்தாள். 155377 என்ற எண்ணுக்குப் பேசினோம். இலவச அமரர் ஊர்தி வீடுவரை கொண்டுவந்து விட்டது. அமெரிக்காவிலிருந்து தம்பி வரவேண்டும் என்று ஐஸ் பெட்டி எடுத்தோம். இரண்டு இரவும் அந்த மோட்டார் சத்தம்தான் வீட்டில் கேட்டது. கண்ணாடியில் படிந்த நீராவியை என் மகள் துணியால் துடைத்துத் துடைத்துப் பாட்டி முகத்தைப் பார்த்தாள். “ஒரு தடவ அம்மா கன்னத்தத் தொட்டுக்கிறேண்ணே” என்றாள் தங்கை. திறந்தால் குளிர் போய்விடும் என்றார் பெட்டிக்காரர். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

தத்தனேரி எரிவாயு தகன மேடைக்குத் தங்கையும் வந்தாள், வாய்க்கரிசி போட்டாள். அங்கே யார் என்ன சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. இதற்காக இந்தக் காலத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் அதற்குப் பிறகு?

தம்பியின் விமான டிக்கெட்டுக்காகப் பதினாறாம் நாள் காரியத்தை மூன்றாம் நாளே முடித்தோம். அப்பாவின் போனில் ‘ஆழ்ந்த இரங்கல்’ வந்துகொண்டே இருந்தது. நாலாம் நாளிலிருந்து வீட்டுப்படி ஏற ஆள் இல்லை. அப்பத்தா செத்தபோது தையில் நடந்த சாவுக்கு வைகாசியில்கூட ஆள் வந்தது. கம்பத்துச் சித்தி வாசலில் குரலெடுத்ததும் அம்மா அடுப்பை அப்படியே விட்டு ஓடினாள். இரண்டு பேரும் அரைமணி நேரம் அழுதார்கள். பிறகு முகம் கழுவி, காப்பி குடித்து, ஆட்டுக்குட்டி விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேதம் கேட்பது என்று அதற்குப் பெயர். ஒரே நாளில் அழுது தீராததை மாதக்கணக்கில் பங்குபோட்டு அழவைத்தது அதுதான்.

அம்மா போய் நாற்பது நாள் இருக்கும். அவளோடு சத்துணவுக் கூடத்தில் சமைத்த பெண் ஒருவர் பஸ் ஏறி வந்தார். அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து, “எங்கக்கா போயிருச்சே” என்றார். சுடுகாட்டில்கூட அழாத அப்பா அன்றைக்குத்தான் அழுதார்.

போன மாதம் உங்கள் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்திருக்கும். நீங்களும் போனில் சொல்லி முடித்திருப்பீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்வாருங்கள்.