ஸ்நானகிருக நிர்ணயம்

நூலின் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகளைச் சொல்லியாக வேண்டும் என்று நன்னூலார் விதித்திருப்பதால், குடும்ப பங்களாவில் குளியலறைகளை எங்கே, எத்தனை, எந்த அளவில் அமைப்பது என்னும் இந்தச் சிறு விசாரணையிலும் அம்மரபை முற்றிலும் கைவிடுவது நியாயமன்று. ஆக்கியோன் பெயரை அடக்கம் கருதி விட்டுவிடுவோம். எஞ்சியவற்றுள் முக்கியமானவற்றை மட்டும் கூறுவோம். வழி, கொத்தனார்களின் வாய்மொழியும் வீட்டுப் பெரியவர்களின் முணுமுணுப்பும். எல்லை, படுக்கையறைக் கதவு முதல் செப்டிக் டேங்க் வரை. கேட்போர், கடன் வாங்கி ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டத் துணிந்துவிட்ட கிருகஸ்தர்கள். நுதலிய பொருள், தாழ்ப்பாள். பயன், காலை 6 மணி முதல் 7.30 மணி வரை இல்லத்தில் சமாதானம். தாழ்ப்பாள் எவ்வாறு நுதலிய பொருளாயிற்று என்பது போகப் போக விளங்கும்.

முதலில் பூர்வ சரித்திரம். மொகஞ்சதாரோவில் அகழ்ந்து காணப்பட்ட பெருங்குளம் ஏறக்குறைய 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது என்பதைச் சரித்திரப் பாடம் படித்த பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஆயினும் வீடு கட்டுகிறவனுக்கு உபதேசம் செய்வது அந்தக் குளம் அன்று, அவ்வூர் வீடுகளுக்குள் இருந்த சாமானிய ஸ்நான மேடைகளே. செங்கற்களை இடைவெளி தெரியாமல் நெருக்கி அடுக்கி, மேடை முழுவதற்கும் வாட்டம் கொடுத்து, பெரும்பாலும் தெருப்பக்கத்துச் சுவரை ஒட்டியே அமைத்து, விழுந்த தண்ணீர் அடுத்த கணமே சுவரைக் கடந்து தெருச் சாக்கடையை அடையும்படி அவர்கள் செய்திருந்தார்கள். கழிவுநீர் வீட்டுக்குள் யாத்திரை போகலாகாது என்பது இதனால் பெறப்படும் முதல் விதி. ரோமாபுரியின் சிற்ப சாஸ்திரியான விட்ருவியஸ், ஆண்களின் வெந்நீர் அறையையும் பெண்களின் வெந்நீர் அறையையும் பக்கம் பக்கமாக வைத்தால் ஓர் அடுப்பே இரண்டுக்கும் போதும் என்று எழுதி வைத்தார். குழாய் செல்லும் சுவர் ஒன்றாகவே இருக்கட்டும், குளியலறையும் சமையலறையும் அதற்கு இரு புறமும் முதுகு காட்டி நிற்கட்டும் என்று இன்று நம் பிளம்பர் வெற்றிலையை மென்றுகொண்டு சொல்வதும் அதே சித்தாந்தந்தான்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஸ்நானம் கிணற்றடியிலும், வெந்நீர்த் தவலை கொல்லை அடுப்பிலும், மற்றது கொல்லையின் கோடியிலுமாகப் பிரிந்து கிடந்தன. கோடியில் இருந்ததை நாள்தோறும் கையால் அள்ளித் தலையில் சுமந்து போனவர்கள் பின்சந்து வழியாக வந்து, பின்சந்து வழியாகவே போனார்கள். வீட்டாரின் சுத்தம் அவர்களுடைய அவமானத்தின்மேல் நின்றது என்பதையும், அதைத் தடுக்கும் மத்திய சட்டம் 1993-ல்தான் பிறந்தது என்பதையும் இந்த ஆய்வு வேடிக்கையாகச் சொல்ல விரும்பவில்லை. வெள்ளைக்கார துரைமார்களின் பங்களாக்களில் படுக்கையறைதோறும் ஒரு குளியலறை இணைந்திருந்தது. அதற்கு வெளிப்புறமாக இன்னொரு கதவும் இருந்தது. தண்ணீர் சுமந்து வருபவனும் துப்புரவு செய்பவனும் துரையின் அறையை மிதிக்காமல் வந்து போவதற்காக ஏற்பட்ட கதவு அது. குழாய் வந்தது, வெளிக்கதவு அடைபட்டது. மிஞ்சியதை நாம் ‘அட்டாச்டு பாத்ரூம்’ என்று பெருமையுடன் வாடகை விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறோம்.

கழிவறை வீட்டுக்குள் குடியேறுவதற்கு அநுமதிச் சீட்டு வழங்கியது ஒரு வளைந்த குழாய். லண்டனில் கடிகாரம் செய்து பிழைத்த அலெக்சாண்டர் கமிங் என்பவர் 1775-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடையின் வாயுவுக்கும் நம் சாப்பாட்டு அறைக்கும் இடையே உள்ள ஒரே அரண். கடிகாரக்காரர் துர்நாற்றத்தை வென்றாரே ஒழிய, உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்னும் கடிகாரப் பிரச்சினையை அவர் தொடவில்லை. அதையே இனி விசாரிக்கப் புகுகிறோம்.

ஆராய்ச்சிக்கு உரிய குடும்பம் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, கல்லூரிக்குப் போகும் பெண், பள்ளிக்கூடத்துப் பையன் என்னும் 8 பேரைக் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் கழிவறையில் 10 நிமிஷமும் குளிப்பதற்கு 15 நிமிஷமும் வேண்டும் என்பது தாராளமான கணக்கு அன்று. கல்லூரிப் பெண்ணின் கூந்தலைக் கருதினால் கருமித்தனமான கணக்கு என்றே சொல்லவேண்டும்.

இங்கே எஞ்சினியர் கொண்டுவரும் பூர்வபக்ஷம் யாதெனில், கழிவறையும் குளியலறையும் ஒன்றாகச் சேர்ந்த அறைகள் இரண்டு போதும் என்பது. இத்தகைய கூட்டறைக்கு இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் குறைந்தபட்சப் பரப்பு 2.8 சதுர மீட்டர். ஆகவே இரண்டுக்கும் 5.6 சதுர மீட்டர். படத்தில் இது மிக லக்ஷணமாகவே காணப்படும். ஆனால் ஓர் அறைக்கு 4 பேர், ஆளுக்கு 25 நிமிஷம் என்று பெருக்கிப் பார்த்தால் 100 நிமிஷம் ஆகிறது. நமக்குக் கிடைத்திருப்பதோ 90 நிமிஷம். குறைகிற அந்தப் பத்து நிமிஷம் யாருடைய பங்கிலிருந்து கழிக்கப்பட வேண்டும் என்பதுதான் பல குடும்பங்களில் பாகப் பிரிவினைக்கு முந்திய முதல் வழக்கு. அன்றியும், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு சித்தப்பா தலை துவட்டிக்கொண்டிருக்கும் வேளையில், அதே அறையிலுள்ள கழிவறைப் பீங்கான் எவருக்கும் பயன்படாமல் தவம் செய்துகொண்டிருக்க, கதவுக்கு வெளியே பள்ளிக்கூடத்துப் பையன் ஒற்றைக் காலில் நிற்பதைச் சிந்தித்தால் இந்த ஏற்பாட்டின் தோஷம் பிரத்தியட்சமாகும்.

சித்தாந்தம் வருமாறு. அதே விதித்தொகுப்பு தனிக் கழிவறைக்கு 1.1 சதுர மீட்டரும் தனிக் குளியலறைக்கு 1.8 சதுர மீட்டரும் போதும் என்கிறது. இரண்டும் சேர்ந்து 2.9, இரண்டு ஜோடிக்கு 5.8. கூட்டறைகளைவிட இது 0.2 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு சதுர அடிதான் அதிகம். அத்துடன் இரண்டு நாலரை அங்குலச் சுவர்களையும் இரண்டு கதவுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வற்பச் செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பாருங்கள்: கழிவறை ஒவ்வொன்றும் 40 நிமிஷத்திலும், குளியலறை ஒவ்வொன்றும் 60 நிமிஷத்திலும் தங்கள் கடமையை முடித்துவிடுகின்றன. மேலும், வருகிறவர்கள் வரிசைக் கிரமமாக வருவதில்லை. கோபன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்னும் கணித அறிஞர் 1909-ல் தொடங்கி வைத்த வரிசைக் கணிதம், ஒரு வசதி முழு நேரமும் நிரம்பி வழிவதை நெருங்க நெருங்க அதன் முன்னால் நிற்பவர்களின் காத்திருப்பு அளவு கடந்து பெருகும் என்று காட்டுகிறது. எனவே 60 நிமிஷ வேலைக்கு 90 நிமிஷம் வைத்திருப்பது ஊதாரித்தனமாகாது. அந்த 30 நிமிஷ இடைவெளியில்தான் குடும்ப ஒற்றுமை குடியிருக்கிறது. இதனால் நாம் நிறுவும் சூத்திரம்: ஒரு தாழ்ப்பாளுக்கு ஒரு காரியம். பல் துலக்குவதும் முகக்ஷவரமும் மூன்றாவது காரியமாகையால், முகம் கழுவும் தொட்டியும் கண்ணாடியும் இவ்விரு கதவுகளுக்கும் வெளியே, தாழ்ப்பாளே இல்லாத நடையில் இருக்கக் கடவன.

நம் முன்னோர் இப்பிரச்சினையைச் சுவரால் தீர்க்காமல் பஞ்சாங்கத்தால் தீர்த்தார்கள் என்பது எமது துணிபு. எண்ணெய் ஸ்நானத்துக்கு ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று பகுத்து வைத்ததற்குச் சோதிட, வைத்தியக் காரணங்கள் பல கூறப்படினும், நல்லெண்ணெய் ஊறச் சீயக்காய் தேய்த்து ஒருவர் குளித்து முடிக்கும் நேரத்தை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு வெந்நீர்த் தவலை ஒன்றே இருந்தது என்னும் காரணம் ஒன்றே போதுமானது. இந்த நியதி குலைவது தீபாவளி விடியற்காலையில் மட்டும். அன்று ஏற்படும் நெரிசலுக்கு எந்தச் சாஸ்திரத்திலும் பரிகாரம் இல்லை.

இனி ஆக்ஷேபங்களும் சமாதானங்களும். வாஸ்துக்காரர் ஈசானிய மூலையில் கழிவறை கூடவே கூடாது, வாயு மூலைக்குக் கொண்டு போங்கள் என்பார். சமையலறை அக்னி மூலையில் இருக்க, குளியலறை வாயு மூலைக்குப் போனால், 40 அடிக்கு 60 அடியான மனையில் இரண்டுக்கும் நடுவே மூலைவிட்டமாக 72 அடி தூரம். நாலு அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம் வேண்டுமாதலால், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவதற்குள் குழாய் ஏறக்குறைய இரண்டடி பூமிக்குள் இறங்கியாக வேண்டும் என்று பிளம்பர் தலையில் கை வைத்துக்கொள்வார். அக்னி மூலை வாய்க்காவிட்டால் வாயு மூலையிலும் அடுப்பு வைக்கலாம் என்று வாஸ்துக்காரர்களே இடம் கொடுத்திருப்பதால், சமையலறையை அங்கே அழைத்து வந்து இரண்டையும் ஒரே சுவரில் முதுகு சேர்த்துவிடுவது இரு சாஸ்திரங்களுக்கும் பங்கமில்லாத சமரசமாகும். மாடிக் குளியலறைக்கு நேர் கீழே கீழ்த்தளக் குளியலறையே வரவேண்டும். பூஜை அறை வந்தால், என்றேனும் ஒரு நாள் கசிவு தொடங்கி, சுவாமிக்கு நாம் செய்யாத அபிஷேகம் தானாக நடக்கும்.

மேனாட்டாரின் பீங்கான் ஆசனம் உயர்ந்ததா, நம் குந்தும் முறை உயர்ந்ததா என்பது அடுத்த வாதம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கிரா, குளியலறையையே பொருளாகக் கொண்டு 1966-ல் ஒரு பெரும் புத்தகம் வெளியிட்டு, மனித தேகத்துக்குக் குந்துவதே இயற்கை என்று எழுதினார். ஆனால் தாத்தாவின் முழங்கால் அப்புத்தகத்தைப் படிப்பதில்லை. ஆகவே கீழ்த்தளத்தில் ஆசனமும் மாடியில் இண்டியன் டைப்பும் என்று பங்கிடுவதே விவேகம்.

தாத்தாவைப் பற்றிய பேச்சு வந்ததால் பரிகாசத்தைச் சற்றே நிறுத்துவோம். விதித்தொகுப்பு சொல்லும் பரப்பு குறைந்தபட்சமே; முதியவர்கள் புழங்கும் அறை அதைவிட விசாலமாக, அவர்கள் படுக்கைக்கு அருகில், கீழ்த்தளத்தில், சக்கர நாற்காலி நுழையும்படி 90 செண்டிமீட்டர் வழிவிடும் கதவுடன் இருக்கவேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொண்டால் மீட்பது கடினம். அதே காரணத்தால், அவசரத்தில் வெளியிலிருந்தும் நீக்கக்கூடிய தாழ்ப்பாளே அங்கே பொருத்தப்பட வேண்டும். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், சுவரில் ஆளின் பாரம் தாங்கும் கைப்பிடி, இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கு, இவை அலங்காரங்கள் அல்ல. எண்ணெயும் சீயக்காயும் ஒருங்கே சிந்தும் தேசத்தில் பளபளக்கும் தரை என்பது எலும்பு வைத்தியருக்குச் செய்யும் உபகாரம்.

சில்லறை விஷயங்களை விரைந்து சொல்லி முடிப்போம். வாளியின் உயரத்தை அளந்த பிறகே குழாய் வைக்கவேண்டும். டைல்ஸ் ஒட்டி வேலை முடிந்துவிட்டது என்று கொத்தனார் சொல்லும் அன்று ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிப் பார்க்கவேண்டும். அது சல்லடையை நோக்கிப் போகாமல் வாசற்படியை நோக்கி வருமாயின், கூலி பாக்கி இருக்கும்போதே பெயர்த்து வாட்டம் திருத்தச் சொல்லவேண்டும். காற்றும் வெளிச்சமும் வர ஜன்னல் ஒன்று வெளிப்புறச் சுவரில் கட்டாயம் வேண்டும். ஈரத் துணிக்கு ஒரு கொடி, உலர்ந்த துணிக்கு ஓர் ஆணி, இரண்டும் எதிரெதிர்ச் சுவரில்.

ஆதலால், வீடு கட்டப் புகும் கிருகஸ்தர்களே, எஞ்சினியர் படத்தை விரிக்கும்போது வரவேற்பறையின் விஸ்தாரத்தைக் கண்டு மயங்காதீர்கள். விரலை வைத்துத் தாழ்ப்பாள்களை எண்ணுங்கள். எட்டுப் பேர் உள்ள குடும்பத்துக்கு அவை நான்குக்குக் குறைந்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.