உப்புக்காத்துக்கு ஒண்ணரை லட்சம்

ஒண்ணரை லட்சத்துக்கு சிடி பிளேயர் வாங்கப் போறியாமே, கேள்விப்பட்டேன். கொள்ளாம் மருமவனே, ரொம்பக் கொள்ளாம். துபாய் வெயில்ல நின்னு சம்பாதிச்ச பைசா, அத எங்கயாவது கொண்டு போட்டுத் தொலைக்கணும்லா? கெணத்துல போட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டான். பிளேயர்ல போட்டா நாலு பேரு வீட்டுக்கு வந்து, "எத்தர ரூவா ஆச்சு?"ன்னு கேப்பான். அந்தப் பெருமைக்காவது ஆச்சு. மாமன் ரேடியோவும் ஆம்பிளிபயரும் நோண்டிக் கை கறுத்த ஆளு, ஒண்ணு ரெண்டு சொல்லுதேன், கேளு. கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன்.

அந்த விளம்பரத் தாளுல என்ன போட்டிருக்கான்? டைனமிக் ரேஞ்ச் 120 டெசிபல். அடேயப்பா! ஒரு சிடியில இருக்கது 16 பிட்டு. அதுக்குள்ள அடங்குதது சுமார் 96 டெசிபல். 1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பான்ல சோனிக்காரன் சிடிபி-101-ன்னு முதல் பிளேயர 1,68,000 யென்னுக்குக் கடைக்குக் கொண்டுவந்தானே, அன்னைக்கும் 16 பிட்டு, செகண்டுக்கு 44,100 சாம்பிள். இன்னைக்கு நீ வாங்குத சிடியிலயும் அதே தான். டிஸ்க்கு வளரல, பிளேயர் மட்டும் வளந்திருக்குன்னா மிச்சம் 24 டெசிபல எங்க இருந்து கொண்டு வருவான்?

சரி, வந்தே தொலையட்டும். உன் வீடு எங்க இருக்கு? விழிஞ்ஞம் புலிமுட்டுல இருந்து கூப்பிடு தூரம். 1991-ல மெட்ராஸ் ஐ.ஐ.டி.க்காரனுவ இங்க 150 கிலோவாட்டுக்கு ஒரு அலை மின்நிலையம் வச்சானுவ, ஓர்மை இருக்கா? அந்த அலைக்கு அத்தர பெலம் உண்டுன்னு கணக்குப் போட்டுத்தான் வச்சானுவ. அது ராத்திரி முழுக்க உன் சன்னலுக்கு வெளிய மோதிக்கிட்டு கெடக்கு. விடியும் முன்ன வள்ளக்காரனுவ எஞ்சினுக்குக் கயிறு இழுப்பானுவ. யமஹா பேருல சிடி பிளேயரும் வருது, வள்ளத்துல மாட்டுத எஞ்சினும் வருது. இந்த ஊர்ல ரெண்டுல எது நல்லாக் கேக்கும்னு நான் சொல்லணுமா? இதுக்கு நடுவுல வயலின் கம்பியில வில்லு தொடுததுக்கு முந்தி உள்ள நிசப்தத்தக் கேட்டே தீருவேன்னா, நீ கடலுக்குத்தான் அட்வான்ஸ் குடுக்கணும்.

"எனக்குக் காது தனி மாமா"ன்னு சொல்லுவே. உன் காதக் குத்தஞ் சொல்ல நான் ஆளில்ல. போஸ்டன்ல மேயர், மோரன்னு ரெண்டு பேரு 2007-ல ஒரு சோதனையப் பத்தி எழுதினானுவ, ஆடியோ எஞ்சினீயர்மாரோட சங்கப் பத்திரிகையில. எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோன்னு ஒசந்த சரக்க ஒருக்கா அப்படியே போடுதது, ஒருக்கா நடுவுல சிடி தரத்துக்கு இறக்கிப் போடுதது. எது எதுன்னு கேக்கவனுக்குத் தெரியாது. 554 தடவ கேட்டதுல 276 தடவ சரியாச் சொன்னானுவ. பூவா தலையா போட்டிருந்தாலும் இதே கணக்குத்தான் வந்திருக்கும். கேட்டவனுவள்ல ரெக்கார்டிங் பண்ணுதவனும் உண்டு. இந்தச் சோதனை சரியில்லன்னு இன்னும் சண்டை போடுதவனும் உண்டு, இருக்கட்டும். சண்டை போடுததுக்கு லைசன்ஸா வேணும்?

பின்ன கடையில கேட்டப்போ மட்டும் ஏன் அவ்வளவு நல்லா இருந்துது? அதையும் கேட்டுக்கோ. பிளேயர்ல இருந்து ஆம்ப்புக்கு 2 வோல்ட் போகணும்ங்கது நடைமுறை. ஒரு மாடல்ல கொஞ்சம் தாராளமா 2.3 வச்சிருந்தான்னா சத்தம் ஒரு டெசிபலுக்கு மேல கூடிரும். ஆனா நம்ம காது "சத்தம் கூட"ன்னு சொல்லாது, "தெளிவு கூட"ன்னு சொல்லும். ரெண்டு பிளேயரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து வச்சுக் கேட்டியா? கேட்டிருக்க மாட்டே. கடைக்காரன் வாங்கிக் குடுத்த சாயாவக் குடிச்சிட்டு ஆமா ஆமான்னு தலையாட்டியிருப்பே.

பிளேயர் கெடக்கட்டும். உன்ட்ட இருக்க டிஸ்க்க எடு, பாப்போம். பாதி பீமாபள்ளிச் சரக்கு. நான் கொறை சொல்லல. ஒருகாலத்துல ஈரான் படம், கொரியாப் படம் பாக்கணும்னா திருவனந்தபுரத்துல படிச்சவனும் பீமாபள்ளிக் கடைக்குத்தான் போவான். திருட்டு டிஸ்க்குன்னாலும் ஒரு தலைமுறைக்கு அதான் பிலிம் சொசைட்டி. ஆனா இந்தா, இது என்னது? "இளையராஜா ஹிட்ஸ், 150 பாட்டு, ஒரே டிஸ்க்." சிடிக்குக் கணக்கு 74 நிமிஷம். அதுல 150 பாட்டு அடங்குமா? அடக்கியிருக்கான், எம்பி3-யா. நெசமான சிடியில செகண்டுக்கு 1,411 கிலோபிட்டு ஓடும். இதுல 128. பதினோரு பங்குல ஒரு பங்கு தான் உன் கையில இருக்கு, மிச்சத்த எவனோ தின்னுட்டான். ஒண்ணரை லட்சத்துப் பிளேயர்ல போட்டா தின்னவன் கக்குவானா? மூணே மூணு ஒரிஜினல் சிடி வாங்கு மக்கா. 1986-ல வந்த 'ஹவ் டு நேம் இட்' கெடச்சா அதுல இருந்து தொடங்கு.

இனி விஷயத்துக்கு வாறேன். "நோ டிஸ்க்"னு காட்டுதுன்னு பழைய பிளேயரத் தூக்கிப் போடப் போறியாம்லா? நேத்து நீ இல்லாதப்போ அதோட மேல்மூடிய அவுத்துட்டேன். கோவப்படாதே, திருப்புளி என் கையில சும்மா இருக்காது. உள்ள மொத ஐஸ்வர்யம் ரெண்டு பல்லி முட்டை. லென்சப் பாத்தா, ஒரு உளுந்துப் பருப்பளவு தான் இருக்கும், அது மேல வெள்ளையா ஒரு படலம். இந்தக் கடக்கரையில சன்னலத் தொறந்து போட்டா உப்பு எங்கயும் வரும், உன் லென்சு மட்டும் விலக்கா? போதாததுக்கு ஏசி ரூம்ல இருந்து பிளேயரத் தூக்கி ஹால்ல வச்சு ஒடனே ஆன் பண்ணுவே. குளுந்த லென்சுல இந்த ஈரக்காத்துப் பட்டா வேர்த்துரும். அரைமணி நேரம் சும்மா விட்டாலே பாதி நேரம் பாடிரும்.

காதுக் குச்சியில ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு துளி நனைச்சு, பிள்ளைக்குக் கண்ணுல மை இடுத மாதிரி மெதுவா ரெண்டு வட்டம். அழுத்தினா போச்சு, அந்த லென்சு தலைமுடி கனத்துக் கம்பியில தொங்குது. பிளக்க சொருகி டிஸ்க்கு இல்லாமப் போட்டேன். லென்சு மேலயும் கீழயும் ஆடித் தேடுச்சு, ஓரத்துல மங்கலா ஒரு சிவப்பு. அந்த வெளிச்சம் 780 நானோமீட்டரு, கண்ணுக்குக் கொஞ்சம்தான் தெரியும், அதுக்காக நேர குனிஞ்சு பாத்துராதே. ட்ரே ஏன் பாதியில நிக்குதுன்னா, ரப்பர் பெல்ட்டு தொய்ஞ்சு போச்சு. லேசர் ஓடுத தண்டவாளத்துல கிரீஸ் பிசினா எறுகியிருக்கு. பின்னால ஆர்சிஏ சாக்கெட்டுல பச்சைக் களிம்பு. எல்லாத்தையும் தொடச்சு பெல்ட்ட மாத்தினேன். இப்ப ராத்திரி முழுக்கப் பாடுது. உன் அத்தை தூக்கம் போச்சுன்னு என்ன ஏசுதா.

நீ டிஸ்க்கு தொடைக்குத அழகையும் பாத்தேன். சுத்திச் சுத்தித் தொடைக்கே. நடுவுல இருந்து வெளிய பாத்துத் தொடைக்கணும் வே. பிளேயருக்குப் பிழை திருத்துத கணக்கு ஒண்ணு உண்டு, தடத்துல ரெண்டரை மில்லிமீட்டர் வரைக்கும் அழிஞ்சாலும் நெரப்பிரும். குறுக்க விழுந்த கீறல அது தாண்டிரும். தடத்தோட கூடவே வளைஞ்சு ஓடுத கீறல் தான் அத முழுங்குது. பேரு அச்சடிச்ச பக்கத்துல கீறினியோ, அதோட கதை முடிஞ்சுது. அலுமினியப் பூச்சு அந்தப் பக்கம்தான் இருக்கு, அரக்குக்கு அடியில.

இத்தனைக்கும் அப்புறம் புதுசு தான் வேணும்னா, ஜப்பான்ல இருந்து பழசு மலிவா வருதுன்னு தாவாதே. அந்த ஊர்க்காரனுக்கு உள்ளது 100 வோல்ட். நம்ம 230-ல சொருகினா பாட்டுக்கு முன்ன புகை வரும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கு, இல்லன்னா விட்டுரு. "நம்ம துறைமுகத்துல தான் இப்ப கப்பல் வருதே, சாமானம் மலிஞ்சிரும்"னு வேற சொன்னியாம். 2024 ஜூலையில சான் பெர்னாண்டோ கப்பல் வந்தப்போ நானும் பாத்தேன். விழிஞ்ஞத்துல பெரும்பாலும் பெரிய கப்பல்ல இருந்து சின்னக் கப்பலுக்கு மாத்தி வேற துறைக்குத் தான் விடுதான். பெட்டிய நீ கரையில நின்னு எண்ணலாம், தொறக்க முடியாது.

எந்தக் கம்பெனின்னு என்ட்ட கேக்காதே, கடைக்காரன்ட்ட ஒரே கேள்வி கேளு: "அஞ்சு வருசம் கழிச்சு இதோட லேசர் பிக்கப் கிடைக்குமா?" அவன் மேலயும் கீழயும் பாத்தான்னா நீ செருப்ப மாட்டிட்டு எறங்கு. அப்புறம், பின்னால கோஆக்சியல் டிஜிட்டல் அவுட் இருக்கான்னு பாரு. இருந்தா நாளைக்கு ஒரு டாக், அதான் டிஜிட்டல அனலாக்கா மாத்துத பெட்டி, தனியா வாங்கிக் கோத்துக்கலாம், டிஸ்க்கச் சுத்துத வேலைய மட்டும் பிளேயர் பாக்கும். உன் பழசுல அது இருக்கு, நான் பாத்துட்டேன்.

அதனால மாமன் தீர்ப்பு இது. பழச அப்படியே வச்சுக்கோ, மூடி போட்ட அலமாரியில. மூணு நாலாயிரத்துக்கு ஒரு டாக். மிச்சப் பைசாவுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி. ஹால்ல சன்னலுக்குக் கனமான திரை, தரையில ஒரு விரிப்பு. ரிப்பேர் கூலியா எனக்கு நூறு ரூவா, பெல்ட்டு காசு வேற.